சாவியை எடுத்த பிறகும் ஓடிய பம்ப்

அண்ணா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். காலையில் அவரே எழுத உட்கார்ந்தார். உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே மூன்று முறை 'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதி மூன்று தாளையும் கிழித்துப் போட்டார். பில் எழுதிப் பழகின கை, இவ்வளவு நீளம் வராது என்றார். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேச்சில் சொல்வதை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே விடுகிறேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாலும் அடிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "ப்ளஸ் ஒன்னுக்கே இவ்வளவு சட்டமா" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். இனி 'நான்' என்று வருகிற இடமெல்லாம் அப்பா. எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.

தம்பி,

ஓசூர்க் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும், வரவில்லை என்று சொல்லப் போகிறாய் என்பதும் உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். டர்போவைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் வேலை. அவர்களாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். நீ அவளிடம் ஃபோனில் என்ன சொன்னாய் என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். "மிஷின் என் கைக்கு ஆகாது பாப்பா. ஒரு இஞ்ஜினைக் கொன்னது போதும்." நாலு வருஷமாகச் சென்னையில் கால் சென்டரில் உட்கார்ந்துகொண்டு யாருடைய கிரெடிட் கார்டுக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அது பிடித்துப்போய்த்தான் அங்கே இருக்கிறாய் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை, தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறாய் என்று இப்போதுதான் உறைத்தது. அந்த இஞ்ஜினை நீ கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். இதை ஃபோனில் சொல்லிவிட இரண்டு முறை முயன்றேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மா எப்படியிருக்கு, வச்சிடட்டுமாப்பா என்று நாலு கேள்வியில் நீ பேச்சை முடித்துவிடுகிறாய். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. உன் மேல் பாதி, என் மேல் பாதி. அதனால்தான் கடிதம்.

யார் படித்தாலும் புரிய வேண்டும் என்று உன் தங்கை கட்டாயப்படுத்துகிறாள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஏலாக்குறிச்சி அருளப்பன் நம் பட்டறைக்குப் பழைய கஸ்டமர். பதினெட்டுப் பேர் உட்காருகிற வேன் ஒன்றுதான் அவருக்குப் பிழைப்பு. வேளாங்கண்ணிக்குச் சமதரையில் ஓடுகிறவரை வண்டிக்குக் குறையில்லை. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ சவாரி வந்தால் மூச்சு வாங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை இறக்கி நடக்க விட்டுத்தான் வண்டியை மேலே ஏற்றுவார். காசும் கொடுத்துவிட்டு நடக்கவும் வேண்டுமா என்று ஜனங்கள் அவரைக் கிண்டல் செய்து, மலைச் சவாரிகள் எல்லாம் வேறு வேன்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. நீ அப்போதுதான் திருச்சியில் இஞ்ஜினியரிங் முடித்து வந்திருந்தாய். இஞ்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ ஒன்றை வைத்தால் ஏறும் என்றாய்.

நான் சிரித்தேன். அந்த வேனில் இஞ்ஜின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. புகைச் சூட்டில் சுற்றுகிற டர்போவை அங்கே வைத்தால் டிரைவரின் கால் வெந்துவிடும். வைக்கவும் இடமில்லை. நீ, பின்னால் சைலன்சர் இருக்கிற இடத்தில் வைக்கலாம் என்றாய். புகை அங்கே வருகிறது, அங்கேயே டர்போ சுற்றட்டும், அது தள்ளுகிற காற்றை ஒரு குழாயில் முன்னால் கொண்டு வரலாம் என்றாய். பட்டறை ஆட்கள் முன்னால் நான் உன்னை மடக்கினேன். "அங்க பின்னால தொங்குற சாமானுக்கு இஞ்ஜின் ஆயிலை யார்றா தூக்கிட்டுப் போய் ஊட்டுவா?" என்று கேட்டேன். செல்வம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நீ கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் படம் போட்டாய். உன்னுடைய அந்தக் குணம்தான் எனக்குத் தாங்காது. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன்.

ஆயில் போவது கஷ்டமில்லை, திரும்பி வருவதுதான் கஷ்டம் என்றாய். இஞ்ஜினுக்குள் அழுத்தம் இருக்கிறது, பத்தடி தூரத்துக்கு ஒரு மெல்லிய ஹோஸில் ஆயிலைத் தள்ளிவிடும். டர்போவின் அச்சு அந்த ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. வேலை முடிந்து வெளியே வரும்போது அதற்கு அழுத்தம் இல்லை, தன் எடையில் தானாக விழ வேண்டியதுதான். மற்ற வண்டிகளில் டர்போ உயரத்தில் இருக்கும், ஆயில் கீழே இஞ்ஜினின் அடிப்பாத்திரத்தில் போய் விழுந்துவிடும். இங்கே டர்போ அந்தப் பாத்திரத்தை விடத் தாழ்வாகத் தொங்குகிறது. ஆகவே டர்போவுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா, டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி இஞ்ஜினுக்கு அனுப்ப ஒரு கரண்ட் பம்ப். திரும்பும் ஹோஸும் அதே மெல்லிசு போதும் என்று நான் சொன்னேன். "மோர் கடைஞ்ச நுரை மாதிரி வரும்ப்பா, தண்ணி மாதிரி வராது. அதுக்கு வழி பெருசா வேணும்" என்று நீ தடித்த ஹோஸ் போட்டாய். நீ சொன்னதுதான் சரி. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

முதலில் பழைய கார் ஒன்றின் பெட்ரோல் பம்பை வைத்தாய். சூடான ஆயிலில் ஐந்தே நாளில் அதன் ரப்பர் ஊறிப்போய் நின்றது. நான் பேசின பேச்சு உனக்கு நினைவிருக்கும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். நீ கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு சின்ன கியர் பம்ப் கொண்டு வந்தாய். அதோடு, நேரம் பார்த்துப் பம்பை அணைக்கிற ஒரு ரிலேயும் வைத்தாய். சாவியை எடுத்த பிறகும் பம்ப் இரண்டு நிமிஷம் ஓடும். இஞ்ஜின் நின்றதும் அந்தப் பத்தடி ஹோஸில் இருக்கிற ஆயில் மெல்ல இறங்கி டர்போவுக்குள் வந்துகொண்டே இருக்கும், டப்பா ஒரு டம்ளர்தான் பிடிக்கும், பம்ப் நின்றுவிட்டால் ஆயில் மேலே ஏறி டர்போவின் சீல் வழியாகப் புகைக் குழாயில் கசிந்துவிடும், அதனால் இரண்டு நிமிஷம் வேண்டும் என்று விளக்கினாய். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. முப்பது வருஷமாக என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சாவியை எடுத்தால் வண்டி அடங்க வேண்டும். அதற்கு மேல் எது ஓடினாலும் வயரிங்கில் கோளாறு. எத்தனையோ வண்டியில் பேட்டரி இறங்கிப்போனதை அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

வேன் ஏற்காடு ஏறியது. அருளப்பன் இறங்கி வந்த கையோடு நேராகப் பட்டறைக்கு வந்தார். "மேஸ்திரி, பதினெட்டுப் பேரும் உக்காந்தபடியே மேல வந்தாங்க. ஒரு கிழவி தூங்கிக்கிட்டே வந்துச்சு" என்றார். உன் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் கையைப் பிடிக்கவில்லை. அடுத்த வாரத்தில் இரண்டு வேன்காரர்கள் வந்து, "இஞ்ஜினியர் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறவன் நான். இல்லாதவனைக் கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். சந்தோஷம் மட்டும்தான் இருந்தது என்றால் அதைவிடப் பெரிய பொய்.

இது புதிதாக வந்த புத்தியும் இல்லை. நீ ஏழாவது படிக்கும்போது பூலாம்பாடியில் உன் மாமா வயலில் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றது நினைவிருக்கிறதா? நான் மோட்டாரைப் பிரித்துப் போட்டு அரை நாளாக மல்லாடிக்கொண்டிருந்தேன். அடியில் இருக்கிற வால்வு கசிகிறது, நிறுத்தினவுடன் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே போய்விடுகிறது என்று நீ சொன்னாய். பெரியவர்கள் வேலை செய்கிற இடத்தில் வாயாடாதே என்று எல்லார் முன்னாலும் அறைந்தேன். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்தால் வால்வில்தான் ஓட்டை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் அப்பவே நினைச்சேன்" என்று உன் மாமாவிடம் சொன்னேன். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாய்.  அன்றைக்கே நீ வாயைத் திறந்திருந்தால் நான் கொஞ்சம் திருந்தியிருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை மேல் அந்தப் பொறுப்பையும் போடுகிறேன் பார்.

(இந்த இடத்தில் 'அறைந்தேன்' என்பதைத் 'திட்டினேன்' என்று மாற்றச் சொன்னார். மாற்றவில்லை.)

ஏற்காடு போய் வந்து ஒரு மாதம் இருக்கும். நீ இரண்டு வாரப் பயிற்சி என்று கோயம்புத்தூர் போயிருந்தாய். நீ போன மறுநாள் அருளப்பன் வந்தார். வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் நிறுத்திய பிறகும் பின்னாலிருந்து முனகுகிறது, கோயில் வாசலில் மானத்தை வாங்குகிறது என்றார். ஜெபம் நடக்கும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். "உன் வேனுக்கு வயித்து வலியாப்பான்னு சாமியாரே கேட்டுட்டாருங்க. அதை மட்டும் நிறுத்திக் குடுங்க மேஸ்திரி" என்றார். அது கோளாறில்லை, வேண்டுமென்றே வைத்தது என்று எனக்குத் தெரியும். எதற்காக வைத்தது என்று அந்த நேரத்தில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் பையன் வரட்டும், அவனைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு ஃபோன் போட்டிருக்கலாம், ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. என் பட்டறையில், என் கஸ்டமரிடம், என் மகன் வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இது ஒரு விஷயமா" என்றேன். வேனுக்கு அடியில் படுத்தேன். ரிலேயிலிருந்து பம்ப் வயரைக் கழற்றிச் சாவியோடு அடங்குகிற வயரில் முறுக்கி டேப் சுற்றினேன். எழுந்து வந்து சாவியை எடுத்துக் காட்டினேன். சத்தமே இல்லை. அருளப்பன் கும்பிட்டார். எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று சொன்னால் நீ காறித் துப்புவாய்.

ஒரு வாரம் கழித்து அவர் ஃபோன் பண்ணினார். ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் நீலப் புகை வருகிறது என்றார். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்பது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவனுக்கும் தெரியும். நான், புது டர்போ படிகிறவரைக்கும் அப்படித்தான் புகையும் என்று சொன்னேன். எந்த டர்போவும் அப்படிப் படிவதில்லை. தெரியாததைத் தெரிந்த குரலில் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதை நம்புகிறவர்களும் உண்டு. கல்யாண ஓட்டம் ஒன்று இருக்கிறது, முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், ஆயில் பாருங்கள் என்றார். சரி என்றேன். இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கல்யாண ஓட்டத்தின் கதையை அரியலூரில் டீக்கடைக்கு டீக்கடை சொன்னார்கள். ஏலாக்குறிச்சிப் பெண்ணுக்கு வரதராஜன்பேட்டைக் கோயிலில் கல்யாணம். பெண் வீட்டு முறைப்படி, பெரியவர்களை வண்டி வீட்டு வாசலுக்கே போய் அழைக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்த வேண்டும். அவர்கள் ஒரு சின்ன ஜெபம் சொல்லி, பெண்ணின் நெற்றியில் சிலுவை போட்டு, பிறகுதான் ஏறுவார்கள். இஞ்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஜெபம் சொல்ல முடியுமா? ஒன்பது வீடு, ஒன்பது முறை அருளப்பன் சாவியை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஹோஸில் இருந்த ஆயில் டர்போவுக்குள் இறங்கியிருக்கிறது, உறிஞ்சி எடுக்கப் பம்ப் ஓடவில்லை, புகைக் குழாயில் கசிந்து போயிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டிருந்த ஆயில். ஆயில் எச்சரிக்கை விளக்கு கட்டாயம் எரிந்திருக்கும். கல்யாண வண்டி என்று டாஷ்போர்டு முழுக்கப் பூச்சரம் கட்டியிருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. ஜெயங்கொண்டம் ரோட்டில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், இஞ்ஜின் இறுகி நின்றது.

பூசை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலத்தியூர்ப் பக்கமிருந்து வந்த சிமெண்ட் லாரி ஒன்றை நிறுத்தி, பெண்ணையும் அவள் தாயையும் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளைப் பட்டுப் புடவை கோயில் வாசலில் இறங்கும்போது சாம்பல் நிறத்தில் இருந்ததாம். மற்றவர்கள் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. நெற்றியில் சிலுவை போட்ட ஒன்பது வீட்டுப் பெரியவர்களில் ஒருவர்கூடத் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள். "படிச்ச புள்ள வேலை செஞ்சது, பாருங்க" என்றார் அருளப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இழுத்து வந்த கயிற்றை அவிழ்த்தேன். நீ மறுநாள் வருவதாக இருந்தது. இனி சொல்வதுதான் நான் உனக்குச் செய்தது. இதுவரை சொன்னதெல்லாம் தப்பு. தப்பு யாரும் செய்வார்கள். மதியம் செல்வத்தையும் மற்றவர்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு வேனுக்கு அடியில் போனேன். டேப்பைப் பிரித்தேன். வயரைப் பழையபடி ரிலேயில், நீ முறுக்கின திசையிலேயே முறுக்கி வைத்தேன். மறுபடி சுற்றின என் டேப் புதிதாகத் தெரியுமே என்று அதன் மேல் கொஞ்சம் கிரீஸும் மண்ணும் தடவினேன். கை கழுவிக்கொண்டு நானும் சாப்பிடப் போனேன்.

(அப்பா இதைச் சொன்னபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தமும் நின்றது. வயரைத் திருப்பி மாட்டியது வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா வாசற்படியில் வந்து நின்று, "அவன் ரெண்டு நாளு அந்த வண்டிக்கு அடியிலயே கெடந்தானேங்க. நீங்கதானே டீ குடுத்தனுப்புனீங்க" என்றார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டே எழுது என்றார்.)

நீ இரண்டு நாள் அடியில் கிடந்தாய். ஹோஸை ஊதிப் பார்த்தாய், டப்பாவைக் கழற்றிக் கழுவிப் பார்த்தாய். பம்பை ஓடவிட்டு எவ்வளவு ஆயில் தள்ளுகிறது என்று பாட்டிலில் பிடித்து அளந்தாய். சாவியை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாய். சரியாக இரண்டு நிமிஷம் ஓடியது. ஓடாமல் எப்படி இருக்கும்? நான்தான் மாட்டி வைத்திருந்தேனே. ஒரு கோளாறு கிடைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். எல்லாம் சரியாக இருந்ததுதான் உன்னைச் சாய்த்துவிட்டது. வெளியே வந்து உட்கார்ந்து, "எல்லாம் சரியாத்தாம்ப்பா இருக்கு. அப்ப நான் போட்ட கணக்கே தப்பு. எனக்குத் தெரியலைன்னு கூட எனக்குத் தெரியல" என்றாய். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "படிப்பு வேற, பட்டறை வேற" என்றேன். ஒரு வாரத்தில் நீ சென்னைக்குப் போய்விட்டாய். வேனின் இஞ்ஜினைப் பிரித்துக் கட்டி, டர்போ இல்லாமல் அருளப்பனிடம் ஒப்படைத்தேன். பையன் செய்த தப்புக்கு அப்பன் எப்படி உழைக்கிறான் பார் என்று அதற்கும் ஊரில் எனக்கு நல்ல பெயர்.

உன் மேல் எனக்கு ஏன் எரிச்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி பழுதாகி வந்தால் பட்டறையில் கேட்கிற முதல் கேள்வி என்ன? கடைசியா யார் கை வச்சது? நீ சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை நான் கேட்டுக் கேட்டிருப்பாய். அந்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் அளந்த நீ அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் முகம் சொல்லியிருக்கும். அப்பாவைக் கேட்பதா என்று விட்டுவிட்டாய். மரியாதையை வீட்டில் வைத்துக்கொள், தம்பி. இஞ்ஜின் பக்கத்தில் அது வேண்டாம். நாளைக்கு உனக்கு மேலே ஒரு அதிகாரி இருப்பார், நரைத்த தலை, முப்பது வருஷ அனுபவம் என்பார். அவர் கை வைத்தாரா என்று அவரிடமே கேள். வருத்தப்பட்டால் படட்டும். நீயும் ஒருநாள் நரைத்த தலையாக உட்காருவாய். அப்போது உனக்குக் கீழே இருக்கிற ஒருவன் வைத்தது உனக்குப் புரியவில்லை என்றால், சத்தம் போடுகிறது என்பதற்காக அதன் வாயை அடைக்காதே. ஃபோன் போட்டுக் கேள். நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான், அதையும் நான் செய்யாமல் விட்டதிலிருந்துதான் சொல்கிறேன்.

(ஆயிலையும் நம் வீட்டையும் வைத்து இங்கே ஓர் உவமை எழுதட்டுமா என்று கேட்டேன். "ஆயிலு ஆயிலுதான். அதை வேற எதாவும் ஆக்காத" என்று சொல்லிவிட்டார்.)

இப்போது நீ என்ன நினைப்பாய் என்றும் எனக்குத் தெரியும். வேலைக்கு அனுப்புவதற்காக அப்பா கதை கட்டுகிறார், பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பாய். நாலு வருஷம் பொய் சொன்னவன் திடீரென்று உண்மை சொன்னால் அதை யார் நம்புவார்கள்? அதனால் இரண்டு காரியம் செய்தேன். போன வாரம் ஏலாக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போய் அருளப்பனைப் பார்த்தேன். வயரைப் பற்றியும் சொன்னேன், அதைத் திருப்பி மாட்டியதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "நாலு வருசமா உங்க புள்ளையத் திட்டிக்கிட்டுக் கெடந்தேனே மேஸ்திரி. அந்தத் திட்டையெல்லாம் நான் எப்படித் திரும்ப எடுக்கறது?" என்று கேட்டார்.  அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் ஆகிவிட்டனவாம். மாமியார் இன்னும் கோபம் வந்தால் அவளைச் சிமெண்ட் லாரி என்றுதான் கூப்பிடுகிறாளாம். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி நின்று, உன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேசுவாரா என்று தெரியாது. பேசினால் எடு.

இரண்டாவது காரியம் இன்றைக்குச் செய்தது. அந்த டர்போவும் டப்பாவும் பம்பும் பரணில் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஸ்டாண்டில் நிற்கிற பழைய டீசல் இஞ்ஜினிலிருந்து பத்தடி ஹோஸ் எடுத்து, டர்போவை வேனில் இருந்த அதே தாழ்வில் பலகையில் தொங்கவிட்டோம். செல்வம் இஞ்ஜினைப் பார்த்துக்கொண்டான். உன் தங்கை பள்ளி லேபில் கேட்டு வாங்கி வந்த அளவு ஜாடியை டர்போவின் புகை வாய்க்குக் கீழே வைத்தாள். முதலில் நீ செய்தபடி ரிலேயோடு மாட்டி, ஒன்பது முறை ஓட்டி ஒன்பது முறை நிறுத்தினோம். ஜாடியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். பிறகு நான் செய்தபடி வயரை மாற்றி மறுபடி ஒன்பது முறை. அரை லிட்டருக்குச் சற்றுக் கூடவே ஜாடியில் நின்றது. ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு என்று அவள் எழுதின தாளை இதோடு வைத்திருக்கிறேன். இது பாதிச் சோதனைதான், தெரியும். புகை இல்லை, டர்போ சுற்றவில்லை, ஆயில் வேனில் இருந்த அளவு சூடாகவில்லை. மீதிப் பாதியைச் செய்ய என்னிடம் கருவி இல்லை, அறிவும் இல்லை. அதற்கான கருவி இருக்கிற இடத்திலிருந்துதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை நம்பாதே. அங்கே போய் நீயே செய்து பார்.

போகமாட்டேன் என்றால் அது உன் விருப்பம், அதற்கு மேல் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, என் தொழிலின் வாசனையே வேண்டாம் என்றால் அதுவும் நியாயம். ஆனால் வெள்ளிக்கிழமை அவர்களிடம் சொல்லும்போது காரணத்தைச் சரியாகச் சொல். எனக்குத் தெரியாது, என் கைக்கு ஆகாது என்று சொல்லாதே, அது பொய். என் அப்பா என்னிடமிருந்து மறைத்துவிட்டார் என்று சொல். அதுதான் உண்மை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். உனக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இதை இரண்டு படி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று பட்டறைச் சுவருக்கு, வண்டி விடுகிறவர்கள் காத்திருக்கிற பெஞ்சுக்கு நேர் எதிரே. நீதான் செய்தாய் என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவார்கள்.

உன் கணக்கில் தப்பில்லை.

உன் அப்பா

(இரண்டாவது படியும் எழுதி முடித்துவிட்டேன், அண்ணா. அப்பா இரண்டையும் முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். உன்னுடையதை நாளை பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்பீட் போஸ்டில் போடுவேன். மற்றதைச் சுவரில் பசை தடவி அவரே ஒட்டினார். செல்வம் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நின்றபடி கடைசி வரை படித்தார். "மேஸ்திரி, இதைக் கஸ்டமரெல்லாம் படிப்பாங்க" என்றார். "படிக்கத்தானே ஒட்டுனேன்" என்றார் அப்பா.  செல்வம் அண்ணன் ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கினார். பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து நான் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அப்பா பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டார்.)